இன்னா போச்சு?

வெள்ளிமலை
2-9-1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அய்யப்பன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மலைக் குளிரில் மூக்குதான் ஓயாமல் ஒழுகுகிறது. நீயும் மாமாவும் குழந்தை விஜயலட்சுமியும் சுகம்தானே? மல்லாட்டை பிடுங்கி முடித்தாயிற்றா?

எழுத்து வேலை என்கிறாயே, மலையில் என்ன எழுத்து என்று கேட்டிருந்தாய். வீடு வீடாகப் போய் ஒரு குடும்பம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று கேட்டுப் படிவத்தில் நிரப்புவதுதான் வேலை. இந்தச் சுற்று முழுக்க வைத்தியச் செலவு. கடந்த மூன்று மாதத்தில் டாக்டருக்கு எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். தற்காலிக வேலை, படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. சொன்ன தேதிக்குள் ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் நிரந்தரத்துக்குப் பெயரை எழுதுகிறேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் வேலையில் பங்கு கேட்டுக் கொடி கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் எனக்கு ஒரு நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது அக்கா.

நேற்று ஒரு கூத்து. வெள்ளச்சி என்று ஒரு அம்மா. புருஷன் கரியன் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமான ஆள், பேச்சில்லை, இருமல்தான். "மருந்துக்குச் செலவு இன்னாம்மா ஆச்சு?" என்றேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சுருக்குப்பையை எடுத்து வந்து என் முன்னால் கொட்டினாள். "மொளகு, திப்பிலி, ஓமம், சுக்கு. இதாங்க செலவு. நாலு நாளைக்குக் காணும்." இடித்துப் பொடி பண்ணுகிற சரக்கைத்தான் அவர்கள் செலவு என்கிறார்கள்! பணம் எவ்வளவு என்று திரும்பக் கேட்டேன். "இதுக்கு இன்னாங்க பணம்? மொளகு நம்ம கொடிது, திப்பிலி காட்டுல பொறுக்கனது" என்றாள். படிவத்தில் "இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அறையில் இருக்கும் பையன்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு சேதி. குலுக்கலில் உன் ஊரும் என் பங்குக்கு வந்திருக்கிறது. அதில் உன் வீடும் இருக்கிறது! கோழி அடித்து வை. இருபதாம் தேதி வாக்கில் சர்க்கார் ஆளாக வந்து உன்னைக் கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
அய்யப்பன்

*

எலவனாசூர்கோட்டை அருகில்
13-9-1987

தம்பி அய்யப்பனுக்கு,

அக்கா அம்சவள்ளி எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்கு மண்வெட்டி நழுவிக் காலில் பட்டு ஐந்து நாள் ஆகிறது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். நேற்றிலிருந்து கால் வீங்கிக் கருக்கிறது, காய்ச்சல் விடவில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கும்போல என்று கம்பவுண்டர் சொல்கிறார். டவுன் ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நுழைவது, யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியாது. நீ ஆபீஸ் மனுஷர்களோடு பழகினவன். இருபதாம் தேதி வரைக்கும் பார்க்காமல் லீவு சொல்லிவிட்டு உடனே வா.

அம்சவள்ளி

*

கள்ளக்குறிச்சி
26-9-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதி சாயங்காலம் கைக்கு வந்தது. மறுநாள் காலையிலிருந்து, வேலையில் பங்கு கேட்கிறவர்களின் மறியல். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. கேட்டால் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்கிறார்கள், ஜீப்பில் போலீஸ் என்கிறார்கள். அறையைவிட்டு வெளியே தலை காட்டவில்லை. நீயும் பயந்துபோய்க் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் பக்கத்தில் யார் காலில்தான் மண்வெட்டி படவில்லை? மாமா இந்நேரம் தேறியிருப்பார்.

படிவங்களை இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்டாயம் கொடுக்கச் சொன்னார்கள். மறியல் ஆயிற்றே என்றேன். "அது உன் பாடு" என்றார் மேற்பார்வையாளர். ஒருவழியாக எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டுப் படிவத்தையும் சேர்த்துத்தான். உன் வீட்டில் எத்தனை பேர், எத்தனை மாடு, எவ்வளவு நிலம் என்று உன்னைக் கேட்டா எனக்குத் தெரிய வேண்டும்? அதனால் கோழி தப்பித்தது. தீபாவளிக்கு வருகிறேன்.

அன்புடன்,
அய்யப்பன்

*

எலவனாசூர்கோட்டை அருகில்
18-10-1987

அய்யப்பனுக்கு,

சுகம் விசாரித்து எழுத இந்தத் தடவை கை வரவில்லை. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்கிறேன். உன் மாமாவுக்கு வலது கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பதினாறாம் தேதி ராத்திரிவரை உன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸிலும் நீ இறங்கவில்லை. பதினேழாம் தேதி நானே கிளம்பினேன். ரோட்டில் புளியமரம் குறுக்கே கிடந்தது. வெட்டியவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். உன் மாமாவும் மறியலுக்குப் போக இருந்தவர்தான், கோடாலிக்குப் புதுக் காம்பு போட்டு மூலையில் சாத்தி வைத்திருந்தார். கயிற்றுக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டு போனோம். மரம் வெட்டிய பிள்ளைகளே ஓடி வந்து கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அப்படி ஏழு மரம். ஏழாவது மரத்தில் ஒரு பையன் அழுதுவிட்டான். "தெரியலக்கா, இப்படி ஆளு வரும்னு தெரியலக்கா" என்றான்.

தர்மாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. இலவசம் என்றுதானே அங்கே போகிறோம்? உள்ளே தள்ளிக்கொண்டு போகிறவன் கை நீட்டினான். பஞ்சும் ஊசியும் வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். ராத்திரி ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இங்க முடியாதும்மா, பாண்டிச்சேரிக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். எந்த ரோட்டில் பாண்டிச்சேரிக்குப் போவது? ஆம்புலன்ஸ் உண்டா என்றால் டயர் இல்லை என்றார்கள். எதிரே ஒரு நர்சிங் ஹோம். அங்கே முன்பணம் கட்டினால்தான் கதவு. என் தாலிச் சரட்டை அந்த மேஜைமேல் கழற்றி வைத்தேன். மஞ்சள் கயிற்றோடு நிற்கிறேன், கணக்குப் பிள்ளை அதைத் தராசில் போட்டுவிட்டு, "பத்தாதும்மா" என்றான்.

ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் காலை எடுத்தார்கள். அதற்குள் ஆற்றங்கரைக் காணி போய்விட்டது. பெரியவூட்டுக்காரருக்கே கொடுத்தேன். அவசரத்துக்கு விற்கிறேன் என்று தெரிந்ததும் பாதி விலைதான் பேசினார். விஜயலட்சுமியின் கம்மலும் போயிற்று. காதில் வேப்பங்குச்சி வைத்திருக்கிறாள்.

மறியல் பண்ணினவர்களைத் திட்டச் சொல்லி எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நான் திட்டமாட்டேன். மரம் ஒரு வாரம்தான் குறுக்கே கிடந்தது. நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நல்ல ஆஸ்பத்திரி இல்லாமல் கிடப்பது எத்தனை வருஷமாக? அதை யார் வெட்டிப் போட்டது?

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. கையில் தோல்பையோடு ஒருவர் வந்தார். மறு சரிபார்ப்பாம். கட்டிலில் உன் மாமா மொட்டைக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். வந்தவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"மொத்தம் மூணு பேரு. நெலம் ரெண்டு காணி. மாடு ரெண்டு. மூணு மாசத்துல வைத்தியத்துக்குச் செலவு, இல்லை. சரிதானம்மா?"

கீழே உன் கையெழுத்து. எட்டாவது படிக்கும்போது உன் பேரின் 'அ'வைச் சுழித்துப் போட என்னிடம் காட்டிக் காட்டிப் பழகினாயே, அதே சுழி.

அவருக்கும் கட்டில் தெரிந்தது. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அம்மா, இது நெசமா?" என்றார். நிஜத்தைச் சொன்னால் உன் வேலை போய்விடும். உன்னை நான் படிக்க வைத்தது ஒரு வேலைக்காகத்தான். "சரிதாங்க" என்றேன். "செலவு ஒன்னும் இல்லீங்க" என்றேன். உன் மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வலியை, அவர் காலை, இல்லை என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாய் அய்யப்பா.

தீபாவளிக்கு வராதே.

அம்சவள்ளி

*

கள்ளக்குறிச்சி
27-10-1987

அக்கா,

உன் கடிதத்தை ஆறு நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு என்று எழுதினால் நீ அடுப்பில் போடுவாய், அதனால் அதை எழுதவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதினாறாம் தேதி சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. முப்பத்தெட்டுப் படிவம் பாக்கி இருந்தது.

மறியல் விட்டபின் ஓடிப் பார்த்தது போக, அந்த முப்பத்தெட்டில் பாதியை அறையில் உட்கார்ந்துதான் எழுதினேன். நான் மட்டுமல்ல, எல்லோருமே. ஒரு ஆளுக்கு இத்தனை ஊரைக் கொடுத்துவிட்டு, நடக்கிறானா பறக்கிறானா என்று கேட்காமல் தேதி மட்டும் குறித்தால் வேறு என்ன நடக்கும்? இதைச் சாக்கு என்பாய். ஆமாம், சாக்குதான். ஆனாலும் கேள். உன்னைக் கேட்டே எழுதியிருந்தாலும் என்ன எழுதியிருப்பேன்? டாக்டர், மாத்திரை, ஊசி, மூன்று கட்டம். காணி விற்றதற்குக் கட்டம் இல்லை. கட்டில் தூக்கியதற்கு இல்லை. கை நீட்டியவனுக்கு இல்லை. நிலம் விற்றால் அது வரவாம், படிவத்தில் அப்படித்தான் போட வேண்டும். உன் வீட்டுக்கு இந்த மூன்று மாதத்தில் நல்ல வரவு என்று ஆகியிருக்கும்!

நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும் சொல்.

அய்யப்பன்

*

எலவனாசூர்கோட்டை அருகில்
6-11-1987

அய்யப்பனுக்கு,

மணியார்டரைத் திருப்பிவிட்டேன். தபால்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

ஏழரை மணி பஸ்ஸைச் சொன்னாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், இல்லையென்றால் எழுதியிருக்கமாட்டேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அந்த மலைக்கார அம்மா பையைக் கொட்டினாள் என்று சிரித்தாயே, எனக்கு அப்போதே சுருக்கென்றது. நம் அம்மா மட்டும் என்ன சொன்னாள்? நீ பிறந்து பதினோராம் நாள், "செலவு இடிச்சாச்சா" என்றுதானே என்னைக் கேட்டாள்? உரலில் இடித்தவள் நான். பட்டணத்துத் தமிழில் போய்க் கேட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

அந்த வீட்டில் புருஷன் எலும்பும் தோலுமாக இருமிக்கொண்டிருந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்ட வீட்டில் செலவு இல்லை என்று உன் கை எப்படி எழுதிற்று? அவளுக்குத் தெரிந்ததை அவள் வார்த்தையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நம்மைப்போல இருக்கிறவர்கள் எதையும் செலவழிப்பதில்லை அய்யப்பா. செலவழிக்கிறவன் பையில் பணம் வைத்திருக்கிறவன், இவ்வளவுக்கு வாங்கலாம், வேண்டாம் என்று அவன் யோசிப்பான். நமக்குப் போகிறது, அவ்வளவுதான். நோய் வந்தால் இருப்பது போகும்.

மலைக்குத் திரும்பிப் போ. செலவு இன்னா என்று கேட்காதே. "இன்னா போச்சு?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்.

அது முடிந்தபிறகு என் வீட்டுப் படிவத்தைப் பற்றிப் பேசலாம்.

அம்சவள்ளி

*

வெள்ளிமலை
10-12-1987

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். மழையில் பாதை சேறாகக் கிடந்தது, பாதி தூரம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வெள்ளச்சி அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. "செலவு கேட்ட தம்பியா?" என்று அவளே சிரித்தாள். வாசலில் போர்வை இல்லை, கரியன் இல்லை. ஐப்பசியில் இறந்துவிட்டாராம். நான் உட்கார்ந்து, நீ சொன்னபடியே, "இன்னாம்மா போச்சு?" என்றேன்.

முறம் நின்றுவிட்டது. அப்புறம் சொன்னாள்:

"ஒழவு மாடு ரெண்டும் போச்சு. இந்த ஊட்டுக்காரரை டோலி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கினு போனவங்களுக்குச் சோறு போட்டதுல வெத சாமை போச்சு. அங்க பஸ்ஸு இல்ல, வாடகைக் காருக்குக் காதுல கெடந்தது போச்சு. ஆஸ்பத்திரில ஆறு மாசம் மாத்திர சாப்டணும்னாங்க. இங்க ஏதுங்க மாத்திர? ஒவ்வொரு வாட்டியும் எறங்கிப் போய் வாங்கணும், போனா மருந்து வர்லன்னுவாங்க. பலா மரம் மூணும் மூணு வருஷ மகசூலுக்குப் போச்சு. அதும் பத்தலன்னு எம் புள்ள குமாரு கேரளாவுக்கு மொளகு தோட்டத்துக்கு முன்பணம் வாங்கினு போனான். அப்பன் சாவுக்குக்கூட அவன உடல."

"அன்னிக்கு ஏம்மா இதெல்லாம் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கலியேப்பா" என்றாள்.

நான் "இல்லை" என்று எழுதிய வீடு அது அக்கா. அறைக்குப் போய்ச் சிரித்த வீடு.

அப்புறம் நிற்கவில்லை. மலையில் இருபத்தாறு வீடு, கீழே பத்தொன்பது வீடு, முதல் தடவை போகாத வீடுகளையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் போனேன். இன்னா போச்சு என்று கேட்டதும் எல்லா வீட்டிலும் முதலில் கை வேலை நிற்கிறது. பிறகு பேச்சை அடக்க முடிவதில்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர், "நான் போலன்னு தடுத்துட்டேன், அதனால ஊடு தப்பிச்சுது" என்றார். வைத்தியத்துக்கே போகாமல் படுத்திருப்பவர் அவர். அவருக்கும் செலவு இல்லைதான், பார்த்துக்கொள். சொன்னதையெல்லாம் சொன்ன மாதிரியே வெற்றுப் படிவங்களின் பின்பக்கம் எழுதினேன்.

கட்டாகக் கொண்டுபோய் மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது? இவ்ளோ ஜாஸ்தி காட்டினா சராசரி கெட்டுப்பூடும். மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். முதலில் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். "உனக்குப் பைத்தியமா? நானே உன் பேர மேல எழுதி வச்சிருந்தேன்" என்றார். அவர் சொன்னது நிஜம்தான், பட்டியலைக் காட்டினார். என் கண்ணெதிரே என் பெயரை அடித்தார். அடுத்த சுற்றுக்கு நான் வர வேண்டியதில்லை.

கட்டை மட்டும் அவர் தூக்கி எறியவில்லை. பீரோவில் வைத்தார். மேலே அனுப்புவாரோ, கரையானுக்கு விடுவாரோ தெரியாது. அனுப்பும்வரை வாரம் ஒருமுறை போய் வாசலில் நின்று கேட்பதாக இருக்கிறேன். இனி எனக்கு வேறு வேலையும் இல்லை.

அந்தப் படிவக் கட்டில் ஒரு வீடு மட்டும் குறைகிறது. வெற்றுப் படிவம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உன் வீட்டை எனக்குத் தெரியும் என்று இனி எழுதமாட்டேன். நீயே சொல். அக்கா, உன் வீட்டில் இன்னா போச்சு?

அய்யப்பன்

*

எலவனாசூர்கோட்டை அருகில்
19-12-1987

தம்பி அய்யப்பனுக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெள்ளச்சி சொன்னதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். "ஆம்பள அழுவறான்னு எழுதிடாத" என்றார், எழுதிவிட்டேன்.

உன் வேலை போனதற்கு நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அந்த நாற்காலிக்காக நான் களை எடுத்த நாள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வேலையில் பங்கு வேண்டும் என்று ரோட்டில் படுத்தவர்களுக்கு அடி. கிடைத்த வேலையில் உண்மையை எழுதியவனுக்கு வாசல். நல்ல நாடு! அந்த மேற்பார்வையாளரிடம் கேள், சராசரி என்கிறாரே, அந்தச் சராசரி எந்த ஊரில் குடியிருக்கிறது என்று. அதற்குக் கால் எத்தனை என்று கேள்.

நீ வாரா வாரம் போய் நிற்பதாகச் சொன்னாய். தை பிறந்ததும் நானும் வருகிறேன். மாமாவையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பீரோவைத் திறக்கும்வரை அந்த வாசலில் உட்காரலாம். நாங்கள் மரம் எதையும் வெட்டிப் போடமாட்டோம், இவர் உட்கார்ந்தாலே போதும், தாண்டிப் போகிறவன் காலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

படிவத்தை முன்பக்கம் தொடவில்லை. மூன்று கட்டமும் வெறுமையாகவே இருக்கட்டும். பின்பக்கம் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆற்றங்கரைக் காணி போனதும், சரடும் கம்மலும் போனதும், கால் போனதும் அதில் இருக்கிறது. "சரிதாங்க" என்று நான் பொய் சொன்னதையும் எழுதிவிட்டேன், அதுவும் போனதுதான். எல்லாவற்றுக்கும் கடைசியில், தம்பி போனான் என்று ஒரு வரி இருக்கும். நீ பஸ்ஸில் வராத அன்றைக்கே மனசில் எழுதி வைத்த வரி, பேனாவைப் பிடித்ததும் கை தானாக எழுதிவிட்டது.

அதை மட்டும் நான் அடித்திருக்கிறேன். மையால் அடித்தது, எழுத்து தெரியத்தான் செய்யும். தெரியட்டும். பொங்கலுக்கு வா.

அக்கா
அம்சவள்ளி